பயணப் படங்களால் மனிதர்களைச் சம்பாதிப்பது எப்படி

ஐயனார் கோவில் மண்குதிரை ஒன்றைப் படமெடுத்து, "கிராமத்து அழகு" என்று எழுதி இணையத்தில் போட்டால் நாற்பது பேர் விருப்பக்குறி இடுவார்கள். அதோடு சரி. அதே படத்தின் கீழ் ஊர், வட்டம், மாவட்டம், எடுத்த தேதி எல்லாம் எழுதி, "நடுக்குதிரையின் கழுத்துமணிக்குக் கீழே நேர்ந்துவிட்டவர் பெயர் இருக்கிறது, முதல் இரண்டு எழுத்துதான் தெரிகிறது, யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பேசுகிறவர்கள் ஐந்தாறு பேராகக் குறையலாம். ஆனால் அதில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருப்பதற்கு இப்போது வழி உண்டு. அவர் பதில் எழுதினால் அது பாராட்டாக இருக்காது, பேச்சின் தொடக்கமாக இருக்கும்.

படம் நன்றாக இருப்பதால் மட்டும் பழக்கம் வருவதில்லை. தன் ஊரை, தன் ஆளை, தன் பொருளை அந்தப் படத்தில் ஒருவர் அடையாளம் காண வேண்டும். அடையாளம் காண அவருக்குத் தகவல் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கான இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றியதுதான். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. சாதாரண செல்போனும் சட்டைப்பையில் வைக்கிற ஒரு நோட்டும் போதும்.

கிளம்புவதற்கு முன்

செல்போனில் கேமரா செயலிக்கு லொகேஷன் அனுமதி கொடுங்கள். கொடுத்துவிட்டால் எடுத்த இடமும் நேரமும் படக் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். எக்ஸிஃப் தகவல் என்று சொல்வது இதைத்தான். கேமரா வைத்திருப்பவர்கள் அதன் கடிகாரத்தைச் செல்போனோடு நொடிவரை ஒத்து வையுங்கள். மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனால் செல்போன் தானாக நேரம் மாறிக்கொள்ளும், கேமரா மாறாது. இரண்டரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது காலையில் எடுத்த சந்தைப் படம் எந்த ஊர்ச் சந்தை என்றே குழம்பிப்போகும். கேமராவில் ஜிபிஎஸ் இல்லையென்றால், ஒவ்வொரு இடத்திலும் முதல் படத்தைச் செல்போனில் எடுத்துவிடுங்கள். பின்னால் சேர்த்துப் பார்க்க அந்த ஒரு படம் போதும்.

முதலில் பெயர்ப்பலகை

எந்த ஊரில் இறங்கினாலும் முதல் படம் பெயர்ப்பலகை. ரேஷன் கடைப் பலகை, ஊராட்சிப் பள்ளிப் பலகை, பஸ் நிறுத்தம், எதுவானாலும் சரி. பள்ளிக்கூடப் பலகை மிக நல்லது. ஊர், ஒன்றியம், மாவட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் புதூர் என்றும் நல்லூர் என்றும் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். வட்டம் எழுதாத புதூர் யாருக்கும் சொந்த ஊர் ஆகாது.

அதன் பிறகு தூரத்திலிருந்து முழுமையாக ஒன்று, பத்தடி தள்ளி நின்று ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு மூன்று. அழகுக்காக ஒரே படத்தை எடுத்துவிட்டு நகர்வதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அடையாளம் காண்கிறவர்கள் நீங்கள் முக்கியமென்று நினைத்ததைப் பார்த்து அடையாளம் காண்பதில்லை. ஓரத்தில் தெரியும் கிணற்றுமேடை, பின்னால் நிற்கும் புளியமரம், சுவரில் பாதி அழிந்த கடைப்பெயர் ஆகியவைதான் அவர்கள் கண்ணில் படும்.

கல்வெட்டு எடுக்கும்போது உச்சி வெயில் ஆகாது. எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழாமல் கல் வெறும் தட்டையாகத் தெரியும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் சாய்ந்த வெயில் சுவரோடு ஒட்டி வரும்போது எடுங்கள். நிழல் மூலையென்றால் ஒருவர் டார்ச்சைப் பக்கவாட்டில், சுவருக்கு மிக அருகே பிடிக்கட்டும். நீளமான வரியைத் துண்டு துண்டாக எடுக்கும்போது ஒரு படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் வரவேண்டும். இல்லாவிட்டால் படித்துச் சொல்ல முன்வருகிறவர் நடுவில் ஓரெழுத்து விட்டுப்போனதைத் தேடித் திணறுவார். எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசாதீர்கள். அது கல்லுக்குக் கேடு. படத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்கள் உங்களிடம் பேசவும் மாட்டார்கள்.

கோவில்களில் விதி தெரிந்து நடங்கள். தமிழகக் கோவில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருக்கும் சின்னங்களில் கேமரா முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். கருவறையை எங்கும் எடுக்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரர் மனம் புண்பட்டால் அந்தப் படத்தால் எந்த நட்பும் வராது.

ஆட்களைப் படமெடுக்கும்போது

கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்பது ஒன்று. "இதை நெட்ல போடுவேன், வெளியூர்க்காரங்க எல்லாம் பார்ப்பாங்க, பரவாயில்லையா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சரி சொன்னவர் இரண்டாவதற்கும் சரி சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்போனில் ஏற்கெனவே போட்ட ஒரு படத்தைக் காட்டி, "இப்படித்தான் வரும்" என்று விளக்கிவிட்டுக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் என்றால் "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டாலே முகம் மலரும். வேண்டாம் என்று தலையசைத்தால் கேமராவை இறக்கிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். மறுத்தவுடன் விலகிப்போனால், படத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினோம் என்று ஆகிவிடும். குழந்தைகளென்றால் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். பள்ளிச் சீருடையில் அடையாளச் சின்னம் தெரியும் படத்தை இணையத்தில் போடவே கூடாது.

ஒப்புக்கொண்டவரின் முகவரியை அவரையே, அல்லது வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளையை, உங்கள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் காதால் கேட்டு எழுதினால் தவறும். பெயர், வீட்டுக்காரர் அல்லது தகப்பனார் பெயர், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், ஆறு இலக்கப் பின்கோடு. எழுதிய பக்கத்தையும் உடனே ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்த ஆளின் படத்துக்கு அடுத்த படமாக அவர் முகவரி இருந்தால் வீட்டுக்கு வந்தபின் யார் எவரென்று தேட வேண்டியதில்லை.

இணையத்தில் போடுவதற்கு முன் படத்தின் பிரிண்ட் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் எந்த நட்புக்கும் முந்தியது, படத்தில் இருப்பவரோடு ஏற்படும் இந்த உறவு. 4×6 அங்குலப் பிரிண்டுக்குக் குறைந்தது 1200×1800 புள்ளிகள் இருந்தால் தெளிவாக வரும். செல்போன் படம் பெரும்பாலும் 4:3 வடிவம், பிரிண்ட் தாளோ 3:2. படுக்கைவாட்டில் எடுத்ததை அப்படியே ஸ்டூடியோவில் கொடுத்தால் இயந்திரம் மேலும் கீழும் வெட்டும், நின்றவரின் தலைமுடியோ பாதமோ போய்விடும். நீங்களே 3:2 அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம். ஈரக்காற்றில் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகம் உரிந்துவிடும். மேட் தாள் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு காப்பி போடுங்கள். ஒன்று எப்படியும் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போகும்.

பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய மார்க்கர் பேனாவால் கீழ் ஓரத்தில் ஊர், தேதி, உங்கள் பெயர், தொலைபேசி எண் எழுதி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். உறைக்குள் படத்தின் அளவுக்கு வெட்டிய அட்டை இரண்டு, நடுவில் படங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததைத் தெரிந்துகொள்ளலாம். ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். ஆறு மாதம் தள்ளினால் அனுப்பவே மாட்டீர்கள். "போட்டோ அனுப்புறேன்னு சொன்னவங்க யாரும் அனுப்பினதில்ல" என்று சுற்றுலா ஊர்களில் சொல்லிக் கேட்கும் குறை உங்கள் பெயரிலும் சேர்ந்துவிடும்.

எங்கே போடுவது

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் படம் இரண்டு நாளில் கீழே இறங்கிவிடும். ஐந்து வருடம் கழித்து ஒருவர் தன் பாட்டியின் ஊரைத் தேடும்போது அது எளிதில் கையில் அகப்படாது. ஃபேஸ்புக்கில் ஒன்று மட்டும் மிகவும் பயன்படும். பல ஊர்களுக்கும் "எங்கள் ஊர்" என்று குழு இருக்கிறது. உங்கள் பக்கத்தில் போடுவதைவிட அந்தக் குழுவில், நிர்வாகியிடம் கேட்டுவிட்டு, மூன்று படம் மட்டும் போடுங்கள்.

நீண்ட காலம் நிற்க வேண்டிய படங்களுக்கு ஃபிளிக்கர் என்ற படத் தளமும், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸும் ஏற்றவை. இரண்டும் 2004இல் தொடங்கியவை. ஃபிளிக்கரில் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் இடம். ஆகவே அள்ளிக் கொட்டாமல் பொறுக்கிப் போடுங்கள். ஒரு பயணத்தில் 300 படம் எடுத்தால் 12 போதும். அங்கே ஊர் வாரியாக, பொருள் வாரியாகக் குழுக்கள் உண்டு. பழைய ரயில் நிலையங்களுக்கென்றே கூடியிருப்பவர்களிடம் ஒரு ரயில் நிலையப் படம் போய்ச் சேர்ந்தால் நடக்கும் பேச்சே வேறு.

காமன்ஸில் போட்டால் படம் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்குள் போய் உட்காரும். அந்த ஊரைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுகிறவர் உங்கள் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, "கிழக்குக் கோபுரம் இருக்கிறதா, போட முடியுமா?" என்று கேட்பார். அப்படித்தான் அங்கே பழக்கம் தொடங்கும். ஒன்று தெரிந்துகொண்டு போடுங்கள். அங்கே தருகிற உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. "வணிகப் பயனுக்கு அல்ல" என்ற நிபந்தனையோடும் போட முடியாது. சிசி பை-எஸ்ஏ 4.0 என்ற பொது உரிமத்தில் போட்ட படத்தை யாரும், உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, காலண்டர் அச்சடித்தும் விற்கலாம். அது உறுத்துமானால் ஃபிளிக்கரில் உரிமைகளை வைத்துக்கொண்டு போடுங்கள். ஆட்களின் முகப் படங்களைக் காமன்ஸில் போடாமல் இருப்பதே நல்லது. பாட்டி சரி சொன்னது நெட்டுக்கு, யாரோ அச்சடிக்கும் விளம்பரத் தட்டிக்கு அல்ல. இன்னொன்று, இந்தியச் சட்டப்படி பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடத்தையும் சிலையையும் படமெடுத்து வெளியிடலாம், புதிதாக வரைந்த சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அப்படிப்பட்ட படங்களைக் காமன்ஸில் நீக்கிவிடுவார்கள்.

செடி, பூச்சி, பறவை என்றால் ஐநேச்சுரலிஸ்ட் தளம். பெயர் தெரியாத ஒரு காட்டுப்பூவைப் போட்டால் அந்தக் குடும்பத்துச் செடிகளிலேயே ஆயுளைக் கழித்தவர் வந்து பெயர் சொல்லக்கூடிய இடம் அது. இலையின் அடிப்புறம், தண்டு, பூவின் பக்கவாட்டுத் தோற்றம் மூன்றும் இல்லாமல் பூவை மட்டும் நேராக எடுத்துப் போட்டால் அவராலும் சொல்ல முடியாது.

கல்லறைகளுக்கு ஃபைண்ட் எ கிரேவ் என்று ஒரு தளம் இருக்கிறது. எங்கோ தூரத்தில் இருக்கும் குடும்பம் "என் கொள்ளுத்தாத்தா கல்லறையைப் படமெடுத்துத் தர முடியுமா" என்று வேண்டுகோள் வைக்கும், அந்தப் பக்கம் போகிறவர்கள் எடுத்துப் போடுவார்கள். கிளம்புவதற்கு முன் நீங்கள் போகிற ஊரின் வேண்டுகோள்களைப் பார்த்து இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். உதகையிலோ கொடைக்கானலிலோ ஒரு மணி நேரம் செலவாகும், அவ்வளவுதான். முழுக் கல், எழுத்து மட்டும், பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்து என மூன்று படம் எடுங்கள். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். சிறு கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டாலே எழுத்து எழும்பி வரும்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகும் தமிழர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அங்குள்ள போர்க் கல்லறையில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் மடிந்த ஏறக்குறைய 7000 போர்க் கைதிகளுக்குக் கல் இருக்கிறது. அதே பாதைக்காக 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. மலேசியாவில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தேடுகிறார்கள். ஆற்றுப் பாலத்தின் முன் நின்று எடுத்த செல்ஃபியை விட, தண்டவாளம் எந்த ஊர்கள் வழியாகப் போகிறது என்று நிலையம் நிலையமாகப் பெயர்ப்பலகையோடு எடுத்த பத்துப் படங்கள் அவர்களுக்குப் பெரிய கொடை.

குறிப்பு எழுதுவது

மற்றதையெல்லாம் அவசரத்தில் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள். தாராசுரம் போய் வந்தவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"தாராசுரம் ஐராவதேசுவரர் கோவில், கும்பகோணம் அருகில், தஞ்சாவூர் மாவட்டம். 2025 ஜனவரி 18, காலை 7.40. கருவறைச் சுவரின் அடிவரிசையில் இருக்கும் பெரியபுராணச் சிற்பங்களில் ஒன்று. ஓர் உள்ளங்கை உயரம்தான். மேலே சோழர் கால எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. முதல் இரண்டு எழுத்து படிக்க முடிகிறது, மீதி தேய்ந்திருக்கிறது. இடமிருந்து இரண்டாவது ஆள் கையில் வைத்திருப்பது என்ன?"

இதில் வருணனை இல்லை, வியப்பு இல்லை. ஆனால் பதில் சொல்ல இடம் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொல்வார், கதை தெரிந்தவர் கதை சொல்வார், அந்தத் தெருவில் பிறந்தவர் வேறு எதையாவது சொல்வார். "எந்த நூற்றாண்டு?" என்று கேட்காதீர்கள், அது தேடினால் கிடைக்கும். "பிடித்திருக்கிறதா?" என்றும் கேட்காதீர்கள், ஆமாம் என்பதற்கு மேல் பதில் வராது. அந்த இடத்தோடு பழகியவரால் மட்டும் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். "இந்தத் திண்ணைக் கடை இன்னும் இருக்கிறதா?" "இந்த வாய்க்காலில் முன்பு எந்த மாதம் வரை தண்ணீர் ஓடும்?"

பொருளின் பெயரைக் கேட்பது எப்போதும் பலன் தரும். பனையோலையில் முடைந்த ஒரு பெட்டியின் படத்தைப் போட்டு, "உங்கள் பக்கம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், கன்னியாகுமரிக்காரர் கடவம் என்பார், யாழ்ப்பாணத்தவர் கடகம் என்பார், எத்தனை மரக்கால் பிடிக்கும், யார் முடைவார்கள், கடைசியாக யார் வீட்டில் பார்த்தோம் என்று இருவரும் தங்களுக்குள்ளேயே பேசத் தொடங்குவார்கள். அங்கே நீங்கள் நடுவில் புகாமல் இருப்பது நல்லது. உங்கள் படத்தின் கீழே இரண்டு அந்நியர்கள் பழகிக்கொள்வதும் நீங்கள் சம்பாதித்ததுதான்.

ஒரே படத்துக்கு ஒரே கேள்வி. மூன்று கேட்டால் எதற்கும் பதில் வராது.

தமிழ் படிக்கத் தெரியாத தமிழ் வம்சாவளியினரை மறந்துவிடாதீர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த டுரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெரும்பாலும் ஊர், தாலுகா, ஜில்லா பதிவாகியிருக்கிறது. அவர்களின் வாரிசுகள் தேடுவது அந்தப் பட்டியலில் இருக்கும் பெயரைத்தான். அதுவும் அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டில். ராணிப்பேட்டை மாவட்டம் என்று இன்றைய பெயரை மட்டும் நீங்கள் எழுதினால் வட ஆற்காடு என்று தேடுகிறவர் கண்ணில் படாது. ஆகவே தமிழ்க் குறிப்புக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்து, இன்றைய மாவட்டம், பழைய ஜில்லா, ஊர்ப் பெயரின் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டுகள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். மொரிஷியஸ், ரீயூனியன் ஆட்களுக்கு அந்த இரண்டு வரி பிரெஞ்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.

மறைக்க வேண்டியவை

இடமும் தேதியும் குறித்த படத்துக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராசர் சாட்சி. அரியலூர் மாவட்டத்து அந்தக் கோவிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் நின்ற சிலையை இன்னதென்று அடையாளம் காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த பழைய படங்கள். 2014இல் நடராசர் திரும்பி வந்தார்.

அதே தகவலைக் கள்வரும் படிப்பார்கள். காவல் இல்லாத கோவிலின் செப்புச் சிலை, காட்டோரத்தில் தனியே நிற்கும் நடுகல் போன்றவற்றுக்கு மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, முழு விவரத்தை உங்கள் நோட்டில் வையுங்கள். ஆய்வாளரோ ஊர்க்காரரோ கேட்டால் தனியே கொடுக்கலாம். பறவைக் கூட்டின் இடத்தை எங்கும் சொல்லாதீர்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானே இடத்தை மங்கலாக்கிவிடும், பல தளங்கள் அப்படிச் செய்வதில்லை.

படக் கோப்புக்குள் இருக்கும் ஜிபிஎஸ் எண்கள் விஷயத்தில் கவனமாக இருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். காமன்ஸில் ஏற்றினால் எல்லோரும் பார்க்கும்படி நிற்கும். ஒருவர் வீட்டுத் திண்ணையில் எடுத்த படமென்றால், பகிர்வதற்கு முன் செல்போனின் பகிரும் திரையிலேயே லொகேஷனை நீக்கிவிடுங்கள். பயணத்தில் இருக்கும்போதே போடுவதும் வேண்டாம். நீங்கள் இன்று எங்கே இருக்கிறீர்கள், உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற இரண்டையும் ஊருக்கே சொல்வதாகும். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

பதில் வந்த பிறகு

ஒருவர் உங்கள் தகவலில் தவறு இருக்கிறது என்று சொன்னால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அன்றே குறிப்பைத் திருத்துங்கள். "இன்னார் சொல்லித் திருத்தியது" என்று அவர் தளத்தில் வைத்திருக்கும் பெயரைச் சேருங்கள். அவருக்குத் தனியே நன்றி எழுதி, அதே இடத்தில் நீங்கள் போடாமல் வைத்திருக்கும் இன்னொரு படத்தைக் காட்டி அதைப் பற்றியும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் பழக்கம் உறுதிப்படும். பலரும் முதல் நன்றியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

"இது எங்கள் தாத்தா ஊர்" என்று எழுதுகிறவருக்கு "அப்படியா, மகிழ்ச்சி" என்று பதில் போடாதீர்கள். அந்த ஊரில் எடுத்த எல்லாப் படங்களையும், மங்கலானவற்றையும் சேர்த்து, ஒரு கோப்புறையில் போட்டு இணைப்பு அனுப்புங்கள். நீங்கள் அழகில்லை என்று ஒதுக்கிய பஸ் நிறுத்தப் படம்தான் அவருக்கு வேண்டியதாக இருக்கலாம். நோட்டில் குறித்த ஒலி, மணம், பேச்சுத் துணுக்குகளையும் நாலு வரியில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது எந்தத் தெருவைப் பார்க்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் கேட்ட இடத்தை ஒருவர் போய்ப் பார்த்து வந்து சொல்வது, கடல் கடந்து இருப்பவருக்குப் பெரிய காரியம்.

ஈழத்து வீடுகள் விஷயத்தில் இன்னும் மெதுவாகப் போங்கள். இடம்பெயர்ந்த ஒருவரின் வீடு இன்று கூரையில்லாமல் இருக்கலாம், வேறு யாரோ குடியிருக்கலாம். அந்தப் படத்தைப் பொதுவில் போட்டு அவரைக் கூப்பிடாதீர்கள். "உங்கட ஒழுங்கைப் பக்கம் போனனான். வீடு இப்ப இருக்கிற நிலையில பாக்க விருப்பமா, இல்லாட்டி மரங்களையும் கிணத்தையும் மட்டும் அனுப்பட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். வேண்டுமென்று சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டாலும் காத்திருங்கள்.

வழி தவறும் பேச்சு எது என்று சீக்கிரம் தெரிந்துவிடும். உண்மையாக வருகிறவர் படத்தைப் பற்றிப் பேசுவார். இடம், பெயர், உறவு என்று எதையாவது பிடித்துக்கொண்டு வருவார். ஏமாற்ற வருகிறவர் உங்களைப் பற்றிப் பேசுவார். படத்தில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் உங்கள் முகப்புப் படத்தைப் புகழ்ந்து, மூன்றாவது செய்தியிலேயே வாட்ஸ்அப் எண் கேட்பார். சில வாரத்தில் பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகவும் அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டதாகவும் சொல்லிப் பணம் கேட்கும் அழைப்பு வரும். அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்தாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

நேரில் சந்திப்பதென்றால் முதலில் ஒரு வீடியோ அழைப்பு. பிறகு பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில். இருவருக்கும் பழக்கமான படத்தில் இருக்கிற அந்தக் கோவில் வாசலையோ சந்தையையோ வைத்துக்கொண்டால் பேச விஷயம் தேட வேண்டியிருக்காது. வீட்டில் ஒருவரிடம் எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போங்கள். கையில் அந்தப் படத்தின் பிரிண்ட் ஒன்று இருக்கட்டும்.

மூலப் படத்தைப் பத்திரமாக வைப்பது

சில வருடம் கழித்து ஒரு நாள் அழைப்பு வரும். பிரிண்டின் பின்னால் நீங்கள் எழுதிய எண்ணைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். "நீங்க எடுத்தீங்களே, எங்க அம்மா... போன வாரம் தவறிட்டாங்க. பெரிசா மாட்டுறதுக்கு வேற நல்ல போட்டோ எதுவும் இல்ல. பெரிய சைஸ்ல கிடைக்குமா?" பல வீடுகளில் வயதானவர்களுக்கு ஆதார் அட்டைப் படத்தைத் தவிர தனிப்படம் இருப்பதில்லை. வழிப்போக்கர் எடுத்துக் கொடுத்ததுதான் இருக்கும்.

அன்றைக்கு நீங்கள் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. பதினாறாம் நாளுக்குள் படத்துக்குச் சட்டம் போட்டாக வேண்டும். எனவே ஒவ்வொரு பயணத்தையும் ஆண்டு-மாதம்-ஊர் என்று பெயரிட்ட கோப்புறையில் வையுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காமல், எழுத்து முத்திரை எதுவும் பதிக்காமல், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இணையத்தில் ஏற்றியதையே ஒரே காப்பியாக நம்பாதீர்கள். 12×18 அங்குலத்துக்கு 2400×3600 புள்ளிகள் இருந்தால் நன்றாக வரும், 12 மெகாபிக்சல் செல்போன் படமே தாங்கும். ஆனால் ஆறு பேர் நிற்கும் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டினால் தாங்காது. அதனால்தான் குடும்பமாக எடுக்கும்போது வீட்டில் மூத்தவரை மட்டும் தனியாக, வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தோள்வரை ஒன்று எடுத்துவிட வேண்டும். தலைக்கு மேலேயும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், சட்டம் போடுகிறவர் மாலை போட இடம் கேட்பார். கேட்டவருக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், ஸ்டூடியோக்காரர் எண்ணை வாங்கி அவருக்கும் நேரே ஒன்று அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.